எரியாத விளக்கு: குவாண்டனாமோவில் விழுந்த 808-ஆம் சரக்கு விமானம்

1993 ஆகஸ்ட் 18, புதன்கிழமை, மாலை 4 மணி 56 நிமிடம். கியூபாவின் தென்கிழக்குக் கரையில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோவில், லீவர்ட் பாயிண்ட் விமானத் தளத்தின் ஓடுதள முனைக்குக் கால் மைல் முன்பாக, டிசி-8-61 வகைச் சரக்கு விமானம் ஒன்று வலப்பக்கம் கவிழும் அளவுக்குச் சாய்ந்தபடியே தரையில் மோதித் தீப்பிடித்தது. அமெரிக்கன் இன்டர்நேஷனல் ஏர்வேஸ் என்ற நிறுவனத்தின் 808-ஆம் எண் பயணம் அது. தலைமை விமானி, துணை விமானி, விமானப் பொறியாளர் என்று மூன்று பேர் மட்டுமே அதில் இருந்தார்கள். மூவரும் பலத்த காயங்களுடன் உயிர் பிழைத்தார்கள்.

வானம் தெளிவாக இருந்தது. பகல் வெளிச்சம் குறையவில்லை. நான்கு எஞ்சின்களும் சரியாக இயங்கின, விமானத்தின் எந்தப் பாகத்திலும் கோளாறு கண்டுபிடிக்கப்படவில்லை. ஓட்டியவர் 20,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவசாலி. அப்படியிருந்தும் விமானம் ஏன் விழுந்தது என்ற கேள்வியை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எடுத்துக்கொண்டு, 1994 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் முதல் காரணமாகச் சோர்வை எழுதியது. பெரிய விமான விபத்து ஒன்றின் முதன்மைக் காரணமாக விமானிகளின் சோர்வை அந்த வாரியம் வெளிப்படையாகக் குறித்தது இதுவே முதன்முறை என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதனால் விமானப் பாதுகாப்பு வகுப்புகளில் இந்த நிகழ்வைத் தூக்கத்தின் கதையாகவே சொல்கிறார்கள். அது சரிதான், ஆனால் பாதிக் கதை. தூக்கமில்லாத அந்த மூன்று பேரை அப்படியொரு திருப்பத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தியது அந்த இடத்தின் அமைப்பு என்பதால், இடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

வேலிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஓடுதளம்

குவாண்டனாமோ விரிகுடாவின் வாய்ப்பகுதியை அமெரிக்கா 1903-இல் கியூபாவிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. 1934-இல் கையெழுத்தான உடன்படிக்கை, இரு நாடுகளும் ஒத்துக்கொண்டாலோ அமெரிக்கா தளத்தைக் கைவிட்டாலோ அன்றிக் குத்தகை முடியாது என்ற நிலையை உறுதிப்படுத்தியது. 1959 புரட்சிக்குப் பிறகு வந்த கியூப அரசு அந்தக் குத்தகையைச் சட்டவிரோதமானது என்று மறுத்தாலும், சுமார் 117 சதுர கிலோமீட்டர் நிலமும் நீரும் கொண்ட அந்தத் தளம் அமெரிக்காவின் கையிலேயே இருந்துவருகிறது. 1961-இல் கியூபப் படையினர் எல்லையோரமாகக் கள்ளிச் செடிகளை நட்டு ஓர் அரணை எழுப்பினார்கள், 1964-இல் தளத்துக்குச் சென்ற தண்ணீரை நிறுத்தினார்கள். அதன் பிறகு குடிநீரைக் கடல்நீரிலிருந்து தளமே தயாரித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தரைவழியாக எதுவும் வராத ஒரு துண்டு நிலத்துக்குத் தேவையானதெல்லாம் கப்பலிலோ விமானத்திலோதான் வந்து சேர வேண்டும். 808-ஆம் விமானம் அன்று செய்துகொண்டிருந்ததும் அந்த வேலைதான். வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் கடற்படை விமான நிலையத்திலிருந்து அது சரக்கு ஏற்றிவந்தது.

விரிகுடா தளத்தை இரண்டாகப் பிரிக்கிறது. காற்றை எதிர்கொள்ளும் கிழக்குப் பக்கம் விண்ட்வர்ட், காற்று ஒதுங்கும் மேற்குப் பக்கம் லீவர்ட். அலுவலகங்களும் குடியிருப்புகளும் பெரும்பாலும் கிழக்கில் இருக்கின்றன. அங்கே இருந்த பழைய மெக்கல்லா விமானத் தளம் கைவிடப்பட்டுவிட்டது. இப்போது பயன்பாட்டில் இருக்கும் ஓடுதளம் 1950-களில் மேற்குப் பக்கத்தில் போடப்பட்டது. வந்திறங்குகிறவர்கள் படகேறி விரிகுடாவைக் கடந்துதான் தளத்தின் மையத்துக்குப் போக முடியும். ஓடுதளத்தின் நீளம் 8,000 அடி. டிசி-8 போன்ற நான்கு எஞ்சின் விமானத்துக்கு அது தாராளமாகப் போதும். ஆக, ஓடுதளத்தில் குறையில்லை, குறை அதன் மேற்கு முனைக்கு வெளியே இருக்கிறது.

ஓடுதளம் கிட்டத்தட்ட கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்கு நோக்கி இறங்கினால் அதன் எண் 10, மேற்கு நோக்கி இறங்கினால் 28. அதன் மேற்கு முனையிலிருந்து முக்கால் மைல் தள்ளி எல்லைவேலி ஓடுகிறது. வேலிக்கு அப்பால் கியூபா, வேலிக்கு நேர் மேலே கியூப வான்வெளி. சாதாரண விமான நிலையத்தில் 10-ஆம் ஓடுதளத்தில் இறங்க வரும் பெரிய விமானம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மேற்கே போய்த் திரும்பி, ஓடுதளத்துக்கு நேர்கோட்டில் நின்று, நிதானமாக உயரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். லீவர்ட் பாயிண்டில் அப்படி வர இடமில்லை. தெற்கே கடல்மேல் மேற்கு நோக்கிப் பறந்து, வேலியைத் தொடுவதற்கு முன் வடக்கே திரும்பி, உடனே மறுபடியும் வலப்பக்கம் சுழன்று ஓடுதளத்தைப் பிடிக்க வேண்டும். கடைசி நேர்ப்பாதை என்று ஏறக்குறைய எதுவும் மிஞ்சுவதில்லை.

கரீபியக் கடலில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுவது. காற்றை எதிர்த்து இறங்குவதுதான் விமானத்துக்கு நல்லது என்பதால், காற்றின் கணக்குப்படி இந்தத் தளத்துக்கு ஏற்ற ஓடுதளம் 10. வேலியின் கணக்குப்படி அதுவே கடினமானது. காற்றைப் பார்த்துப் போட்ட ஓடுதளத்தின் வாசலை அரசியல் அடைத்துவிட்ட நிலை இது. விமான நிறுவனங்களுக்கான அமெரிக்க விதிகள் இத்தகைய இடங்களைச் சிறப்புத் தகுதி தேவைப்படும் விமான நிலையங்களாகப் பிரித்து வைத்திருப்பதும் இப்படிப்பட்ட காரணங்களுக்காகத்தான்.

இந்தத் திருப்பம் எவ்வளவு நெருக்கமானது என்பதைச் சிறிய கணக்கு ஒன்று காட்டும். 140 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), அதாவது நொடிக்கு 72 மீட்டர் வேகத்தில் போகும் விமானம் 30 பாகை சாய்ந்து திரும்பினால், அது போடும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 900 மீட்டர். வேலிக்கும் ஓடுதள முனைக்கும் இடையே இருப்பது 1,200 மீட்டர். வடக்கு நோக்கி வேலியை உரசிக்கொண்டு வந்து, சரியான இடத்தில், சரியான நொடியில் திருப்பத்தைத் தொடங்கினால்கூட, விமானம் நேராகும்போது ஓடுதளத்துக்கு 300 மீட்டர்தான் மிச்சம் இருக்கும். அதை நான்கு நொடிகளில் கடந்துவிடலாம். வேலிக்குப் பயந்து சற்று உள்ளே தள்ளி வந்தாலோ, திருப்பத்தைச் சில நொடிகள் தாமதமாகத் தொடங்கினாலோ, 30 பாகைச் சாய்வு போதாது. ஓடுதளத்தைத் தாண்டி அப்பால் போய்விடாமல் இருக்க இன்னும் சாய்க்க வேண்டியிருக்கும்.

சாய்வைக் கூட்டுவதற்கு விலை உண்டு. நேராகப் பறக்கும் விமானத்துக்குத் தன் எடையைத் தாங்கும் அளவு தூக்குவிசை போதும். 60 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பும் விமானத்துக்கு அதைப்போல் இரு மடங்கு வேண்டும். இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் சரியும் நிலையை ஸ்டால் என்பார்கள். அந்த நிலை வந்துவிடும் வேகம், 45 பாகைச் சாய்வில் 19 சதவீதமும் 60 பாகையில் 41 சதவீதமும் கூடிவிடுகிறது. நேராகப் பறக்கும்போது பாதுகாப்பாக இருக்கும் அதே வேகம், சாய்ந்த திருப்பத்தில் ஸ்டால் வேகத்துக்கும் கீழே போய்விடக்கூடும். இறங்கும் வேளையில் விமானத்தின் வேகம் ஏற்கெனவே குறைந்திருக்கும், உயரமும் சில நூறு அடிதான். தவறு நேர்ந்தால் மீட்டெடுப்பதற்கு வேண்டிய வேகமும் இல்லை, உயரமும் இல்லை.

விமானிகள் வேலியைத் தாண்டிவிடாமல் இருக்க ஓர் அடையாளம் வைக்கப்பட்டிருந்தது. எல்லைவேலி கடற்கரையைத் தொடும் மூலையில் அமெரிக்க மரைன் வீரர்களின் காவல் கோபுரம் ஒன்று உண்டு. அதன்மேல் விட்டுவிட்டுப் பளிச்சிடும் ஸ்ட்ரோப் விளக்கு பொருத்தப்பட்டிருந்தது. அந்த விளக்குக்கு இப்பால் திரும்பிக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆகஸ்ட் 18 அன்று அந்த விளக்கு எரியவில்லை.

18 மணி நேரப் பணி

அந்த மூன்று பேரின் பணி முந்தைய நாள் இரவு 11 மணியளவில் டல்லாஸில் தொடங்கியது. அங்கிருந்து செயின்ட் லூயிஸ், பிறகு மிச்சிகன் மாநிலத்தின் யிப்சிலாண்டி, பிறகு அட்லாண்டா என்று இரவு முழுவதும் சரக்கு கொண்டுபோய், காலை 8 மணிக்குச் சற்று முன் அட்லாண்டாவில் இறங்கினார்கள். அவர்களுடைய கணக்கில் வேலை அத்துடன் முடிந்தது. அறைக்குப் போய்ப் படுக்க வேண்டிய நேரத்தில் நிறுவனத்திலிருந்து புதிய உத்தரவு வந்தது. நார்ஃபோக் போய்ச் சரக்கு ஏற்றிக்கொண்டு குவாண்டனாமோவில் இறக்கிவிட்டு, காலி விமானத்துடன் அட்லாண்டா திரும்ப வேண்டும் என்பது அந்த உத்தரவு.

விதிப்படி அதில் தவறு எதுவும் இல்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறுத்தும் இடம் இதுதான். பட்டியலிட்ட நேரங்களில் பறக்காமல் தேவைக்கேற்பப் பறக்கும் நிறுவனங்களின் வெளிநாட்டுப் பயணங்களுக்கு, இரண்டு விமானிகளும் ஒரு பொறியாளரும் கொண்ட குழுவை 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் பறக்கும்படி திட்டமிடக் கூடாது என்று அமெரிக்க விதி சொன்னது. அது எண்ணியது வானில் இருக்கும் நேரத்தை மட்டும். சரக்கு ஏற்றும்வரை காத்திருந்தது, எரிபொருள் நிரப்பியது, நிறுவனத்தின் தொலைபேசிக்குப் பதில் சொன்னது, தரையில் விழித்துக்கொண்டே கழித்த மற்ற மணித்தியாலங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லை. இதைவிட ஒரு வசதியும் இருந்தது. சரக்கில்லாமல் காலியாகத் திரும்பும் பயணத்தை வணிகப் பயணம் அல்ல என்று வேறொரு விதிப்பிரிவின்கீழ் கொண்டுபோய்விடலாம், அங்கே இந்த வரம்பு பொருந்தாது. ஆகவே குவாண்டனாமோவிலிருந்து அட்லாண்டாவுக்குத் திரும்பும் மணி நேரங்களைச் சேர்க்காமலே கணக்கு முடிந்தது. மனித உடலுக்கு அந்தப் பிரிவுகள் தெரியாது.

பிற்பகல் 2 மணி 13 நிமிடத்துக்கு நார்ஃபோக்கிலிருந்து விமானம் கிளம்பியது. விபத்து நேர்ந்தபோது பணி தொடங்கி 18 மணி நேரம் ஆகியிருந்தது, அதில் 9 மணி நேரம் பறந்திருந்தார்கள். தொடர்ந்து விழித்திருந்த நேரம் தலைமை விமானிக்கு 23 மணி நேரம் 30 நிமிடம், பொறியாளருக்கு 21 மணி நேரம், துணை விமானிக்கு 19 மணி நேரம். திரும்பி எண்ணிப் பார்த்தால், தலைமை விமானி கடைசியாகத் தூங்கி எழுந்தது முதல் நாள் மாலை ஐந்தரை மணியளவில். இரவு வேலைக்காக அவர்கள் பகலில் தூங்கியவர்கள். பகல் தூக்கம் இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது என்பதை இரவுப்பணி பார்த்த யாரையும் கேட்டாலே தெரிந்துகொள்ளலாம்.

ஏன் 10-ஆம் ஓடுதளம்?

விமானி அறையின் குரல் பதிவுக் கருவி தப்பித்ததால் கடைசி நிமிடங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. முதலில் 28-ஆம் ஓடுதளத்தில் இறங்குவதாகத்தான் இருந்தது. அது கிழக்கிலிருந்து நேராக வரும் எளிய பாதை. வழியில் தலைமை விமானி மனம் மாறி, 10-ஆம் ஓடுதளத்தை எடுத்துப் பார்க்கலாம், எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக என்று சொல்கிறார். சரிப்படாவிட்டால் சுற்றிவந்து 28-இல் இறங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். மற்ற இருவரும் மறுக்கவில்லை.

அன்றைய காற்று இந்த முடிவை எந்த வகையிலும் கேட்கவில்லை. ஏறத்தாழ 200 பாகையிலிருந்து, அதாவது தெற்கு தென்மேற்கிலிருந்து, 7 நாட் வேகத்தில் வீசியது மெல்லிய காற்று. அது இரண்டு ஓடுதளங்களுக்கும் குறுக்குக் காற்று, சொல்லப்போனால் 28-க்கு ஒரு துளி சாதகம். ஆனால் 10-ஆம் ஓடுதளத்துக்காக வடக்கு நோக்கிப் பறக்கும் சில நொடிகளில் அதே காற்று முதுகில் இருந்து தள்ளும். திருப்பம் எதிர்பார்த்ததைவிட அகலமாகிவிடும், ஓடுதளத்தின் நேர்கோட்டைத் தாண்டி விமானம் வடக்கே போகப் பார்க்கும். தெளிந்த மனத்துடன் இருக்கும் விமானி இறங்கும் முன் பத்து நொடி யோசித்தால் இது பிடிபட்டுவிடும். அந்தப் பத்து நொடி யோசனைதான் அன்று நடக்கவில்லை.

தூக்கம் குறைந்தவனிடம் முதலில் போவது கைத்திறமை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆய்வுகள் காட்டுவது வேறு. முதலில் போவது எடைபோடும் திறன். ஆபத்தை ஆபத்தாக உணர்வது, ஒரு முடிவை மறுபடி எடுத்துப் பார்ப்பது, ஒரே இடத்தில் குத்திய கவனத்தைப் பிடுங்கி வேறிடத்தில் வைப்பது ஆகியவை மங்கிவிடுகின்றன. மங்கியது தனக்கே தெரியாமல் போவதுதான் கொடுமை. காரணமில்லாமல் கடினமான ஓடுதளத்தைத் தேர்ந்தெடுத்தவரை அசட்டைக்காரர் என்று கடந்துபோவது எளிது. 23 மணி நேரம் விழித்திருந்த ஒருவரிடமிருந்து வந்த முடிவு அது என்று பார்க்கும்போதுதான் அந்த வாக்கியம் புரிகிறது.

விளக்கைத் தேடிய நிமிடங்கள்

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விமானத்துக்கு விதிப்படியான எச்சரிக்கை வந்தது. ஓடுதளத்துக்கு மேற்கே முக்கால் மைலில் கியூப வான்வெளி தொடங்குகிறது, ஸ்ட்ரோப் விளக்கு குறிக்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சொன்னவருக்கு அந்த விளக்கு எரியவில்லை என்பது தெரியாது. விளக்கின் நிலையைக் கோபுரத்துக்குச் சொல்லும் ஏற்பாடு எதையும் கடற்படை வைத்திருக்கவில்லை. ஆகவே, இல்லாத ஒன்றைத் தேடும்படி விமானிகளுக்குச் சொல்லப்பட்டது.

அதன் பிறகு பதிவில் திரும்பத் திரும்ப வருவது ஒரே கேள்வி. விளக்கு எங்கே என்று தலைமை விமானி கேட்கிறார். அதோ அங்கே என்று மற்றவர்கள் காட்டுகிறார்கள். எங்கே என்று மறுபடி கேட்கிறார். அதோ கீழே என்கிறார்கள். இன்னும் தெரியவில்லையே என்கிறார். எரியாத விளக்கை அவர்கள் எப்படிக் காட்டினார்கள் என்று கேட்கலாம். அவர்கள் காட்டியது விளக்கு இருக்க வேண்டிய திசையை. அவர் தேடியது வெளிச்சத்தை.

இந்தக் கேள்வி பதிலுக்கு நடுவே இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது அவர் காதில் ஏறவில்லை. வேகம் குறைகிறது என்று சொல்கிறார்கள். போன வேகம் திரும்பி வரவில்லை என்று பொறியாளர் சொல்கிறார். இந்தத் திருப்பம் நமக்குக் கிடைக்காது என்கிற பொருளிலும் ஒரு வார்த்தை பதிவாகியிருக்கிறது. அதற்கு வந்த பதில், விளக்கு எங்கே தெரிகிறது உங்களுக்கு என்ற அதே கேள்வி. அவர் உட்கார்ந்திருப்பது இடப்பக்க இருக்கையில், திரும்புவது வலப்பக்கம். ஓடுதளமும் வலப்பக்கத்தில்தான் வருகிறது. துணை விமானியின் சன்னலில் தெரிவது அவருக்கு எட்டிப் பார்த்தால்தான் தெரியும். பார்வை வெளியே, விளக்கின்மேல். வேகம் காட்டும் முள் உள்ளே, அவருடைய கண்ணுக்கு நேர் எதிரே.

திருப்பம் தாமதமாகத் தொடங்கியது. ஓடுதளத்தின் நேர்கோட்டைத் தாண்டிவிடாமல் இருக்கச் சாய்வு கூடிக்கொண்டே போனது, 50 பாகையைத் தாண்டியது. ஸ்டால் நெருங்குகிறது என்று எச்சரிக்க, கைப்பிடியை உலுக்கும் கருவி உலுக்கத் தொடங்கியது. ஸ்டால் எச்சரிக்கை என்று மற்ற இருவரும் குரல் கொடுக்கிறார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன், விடுங்கள் என்பதாகத் தலைமை விமானியின் பதில் வருகிறது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை இரண்டு: மூக்கைத் தாழ்த்திச் சாய்வை நேராக்குவது, எஞ்சின்களுக்கு முழு விசை கொடுப்பது. இரண்டும் உரிய நேரத்தில் நடக்கவில்லை. இருநூறு முந்நூறு அடி உயரத்தில் இறக்கைகள் தூக்குவிசையை இழந்தன.

பொது விசாரணையில் தலைமை விமானி அளித்த சாட்சியத்தில், தான் மந்தமாகவும் எதிலும் அக்கறையற்றும் உணர்ந்ததாகச் சொன்னார். கடைசித் திருப்பத்தைத் தொடங்கியது நினைவிருக்கிறது, ஓடுதளத்தைத் தேடியதோ விசையைக் கூட்டியதோ குறைத்ததோ நினைவில்லை என்றார். தற்காப்புக்காகச் சொன்ன பேச்சாக எனக்கு இது தோன்றவில்லை. தன் கை செய்ததைத் தானே அறியாத நிலையை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன விமானிகள் அரிது. பெரும்பாலான இத்தகைய விபத்துகளில் அதைச் சொல்ல யாரும் மிஞ்சுவதில்லை.

காரணங்களை எழுதிய விதம்

விசாரணையில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த சோர்வு ஆய்வாளர்கள் துணை நின்றார்கள். அவர்களில் முதன்மையானவரான மார்க் ரோஸ்கைண்ட் பிற்காலத்தில் அதே பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினராகவும் ஆனார். சோர்ந்திருந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், தூக்கக் குறைவு எவ்வளவு, தொடர்ந்து விழித்திருந்தது எவ்வளவு நேரம், விபத்து நடந்த வேளை உடலின் நாள்கடிகாரத்தில் எந்தப் புள்ளி, தூக்க நோய் ஏதும் இருந்ததா என்று தனித்தனியாக எடுத்து அளந்தார்கள். பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை மனித உடல் இயல்பாகவே ஒருமுறை தளரும். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்று நம் வழக்கில் சொல்வது இந்த நேரத்தைத்தான். சாப்பிடாதவரையும் அந்தத் தளர்ச்சி விடுவதில்லை என்பது அறிவியல் சேர்த்த செய்தி. 4 மணி 56 நிமிடம் அந்த வேளைக்குள்தான், அதன் கடைசியில் விழுகிறது. இந்தக் கேள்விகளின் வரிசையே பிற்காலத்தில் விபத்து விசாரணைகளில் சோர்வை ஆராயும் முறைக்கு மாதிரியானது.

வாரியத்தின் முடிவு தலைமை விமானியை விட்டுவிடவில்லை. இறங்கும் நிலைமையைச் சரியாக எடைபோடாதது, வேகத்தை இழக்க விட்டது, ஸ்டாலிலிருந்து மீள உடனடியாக எதுவும் செய்யாதது என்று எல்லாவற்றையும் எழுதியது. ஆனால் அவற்றுக்கு முன்னால், சோர்வினால் குழுவின் மதிப்பிடும் திறனும் முடிவெடுக்கும் திறனும் பறக்கும் திறனும் குன்றியிருந்தன என்பதை வைத்தது. துணைக்காரணங்களாக, இப்படிப்பட்ட பயணங்களுக்கான பணிநேர விதிகள் போதாமல் இருந்ததையும், குழுவாகச் செயல்படும் பயிற்சியும் குவாண்டனாமோ போன்ற சிறப்பு விமான நிலையங்களுக்கான பயிற்சியும் நிறுவனத்தில் குறைவாக இருந்ததையும், விளக்கு எரியாததைக் கோபுரத்துக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு கடற்படையிடம் இல்லாததையும் சேர்த்தது.

அந்தக் கடைசி வரி பலருடைய கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. விளக்கு எரிந்திருந்தால் விபத்து நேர்ந்திருக்காது என்று யாராலும் அறுதியிட முடியாது. ஆனால் விளக்கு பழுது என்ற ஒரு வாக்கியம் கோபுரத்திலிருந்து வந்திருந்தால், தேடல் தொடங்கியே இருக்காது. தூங்காத மனத்தின் கடைசிக் கவனம் எரியாத விளக்கில் செலவாகியிருக்காது. ஒருவேளை 28-க்கே போய்விடலாம் என்றுகூடத் தோன்றியிருக்கும். அண்டை நாட்டு எல்லையிலிருந்து முக்கால் மைலில் விமானத் தளம் வைத்திருக்கும் படை, அந்த எல்லையைக் காட்டும் ஒரே பார்வை அடையாளத்தைக் காவல் கோபுரத்தில் மாட்டிய ஒரு விளக்காக மட்டும் கருதியதுதான் இங்கே தவறு. விமானிகளுக்கு அது ஓடுதள விளக்குகளைப் போலவே இறங்கும் கருவிகளில் ஒன்று.

துணை விமானியும் பொறியாளரும் சொன்னதைப் பற்றியும் ஒரு சொல். அவர்கள் ஊமைகளாக இருக்கவில்லை. வேகம் குறைவதைச் சொன்னார்கள், ஸ்டால் எச்சரிக்கையைச் சொன்னார்கள். ஆனால் மூத்தவர் கையிலிருந்து விமானத்தை எடுக்கவோ, மேலே ஏற்றிவிடுங்கள் என்று கட்டளையாகச் சொல்லவோ அவர்கள் துணியவில்லை. தகவல் சொல்வதற்கும் தடுத்து நிறுத்துவதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கப் பயிற்சி வேண்டும், களைத்த உடலுக்கு அந்தப் பயிற்சி இரட்டிப்பாக வேண்டும். அவர்களும் 19 மணி நேரமும் 21 மணி நேரமும் விழித்திருந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது.

விதி வந்தது, யாருக்கு?

1995-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பணிநேரத்துக்கும் ஓய்வுக்கும் புதிய விதிகளை முன்மொழிந்தது. விமான நிறுவனங்களின் எதிர்ப்பில் அது ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்து, 2009-இல் திரும்பப் பெறப்பட்டது. அதே 2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407-ஆம் பயணிகள் விமானம், இறங்கும் வேளையில் ஸ்டால் ஆகி விழுந்து 50 பேர் இறந்தார்கள். அந்த விமானிகளின் தூக்கமின்மை பற்றிய செய்திகளும், இறந்தவர்களின் குடும்பத்தினர் விடாமல் நடத்திய போராட்டமும் சேர்ந்துதான் விதியை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தன. 2011 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதித்தொகுப்பு, வானில் இருக்கும் நேரத்தோடு பணியில் இருக்கும் மொத்த நேரத்தையும் எண்ணியது. பணி எந்த வேளையில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து 9 மணி முதல் 14 மணி நேரம் வரை வரம்பு வைத்தது, பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்கியது. 808-ஆம் விமானக் குழுவின் 18 மணி நேரம் இந்த விதியின்கீழ் நினைத்துப் பார்க்க முடியாதது.

ஆனால் அந்த விதி பயணிகள் விமானங்களுக்கு மட்டும். சரக்கு விமானங்களையும் சேர்ப்பதால் கிடைக்கும் பயன், நிறுவனங்களுக்கு ஆகும் செலவுக்கு ஈடாகாது என்று கணக்குப் போட்டு அவற்றை விலக்கிவிட்டார்கள். சோர்வு என்ற சொல்லை விபத்து அறிக்கையின் முதல் வரிக்குக் கொண்டுவந்ததே ஒரு சரக்கு விமானம். அதை ஓட்டியவர்களின் வாரிசுகளுக்கு அந்த விதியில் இடம் கிடைக்கவில்லை. இதை வெறும் பணக் கணக்காக ஏற்க என்னால் முடியவில்லை. சரக்கு விமானங்கள் பறப்பது பெரும்பாலும் இரவில், அதாவது உடல் மிகவும் தளரும் நேரத்தில். கீழே இருக்கும் வீடுகளுக்கு மேலே போவது பயணிகள் விமானமா சரக்கு விமானமா என்பதால் ஆபத்து மாறுவதில்லை.

2013 ஆகஸ்ட் 14 அன்று, 808 விழுந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் நிறையும் நாளில், யுபிஎஸ் நிறுவனத்தின் 1354-ஆம் சரக்கு விமானம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் விடியுமுன் இறங்கும்போது ஓடுதளத்துக்கு வெளியே விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தார்கள். முறை தவறிய இறக்கத்தைத் தொடர்ந்ததை முதன்மைக் காரணமாகவும் சோர்வைத் துணைக்காரணங்களில் ஒன்றாகவும் வாரியம் எழுதியது. கிடைத்த ஓய்வு நேரத்தைத் துணை விமானி சரிவரப் பயன்படுத்தவில்லை என்றும் அதில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த விமானத்தின் குரல் பதிவில், கிளம்புவதற்கு முன் இருவரும் பேசிக்கொண்டது, வரப்போகும் ஓய்வு விதி சரக்கு விமானிகளை ஏன் விட்டுவிட்டது என்பதைப் பற்றி.

மூன்று பேர் கொண்ட குழுவுக்கு 24 மணி நேரத்தில் 12 மணி நேரம் வானில் என்ற பழைய வரம்பு, சரக்குப் பயணங்களுக்காக அந்த விதிப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. தரையில் விழித்திருக்கும் நேரத்தை அது இன்னும் எண்ணுவதில்லை.